35 வயதில் திரும்பவும் கணிதமும் பௌதிகமும்: நீங்கள் எங்கிருந்து தொடங்கினீர்கள்?

வட்டக்கச்சியான்

எல்லோருக்கும் வணக்கம். நான் தண்ணீர் மெசின் திருத்துகிறவன். இப்போது சூரியப் பலகை பூட்டும் வேலையும் வருகிறது. 2009 ஓகஸ்டில் இடம்பெயர்ந்தோர் முகாமுக்குள் வைத்துத்தான் உயர்தரம் எழுதினேன், கணிதப் பிரிவு. அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் எத்தனை இடம் மாறினோம் என்பதை வன்னியில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொப்பி ஒன்றுகூட மிஞ்சவில்லை. இணைந்த கணிதம் எஃப் (சித்தியில்லை), பௌதிகம் எஸ் (சாதாரண சித்தி). பிறகு வேலை, கலியாணம், பிள்ளை.

போன சிறுபோகத்தில் ஒரு தோட்டக்காரர் தன் கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டினார். மெசின் மேலே கிணற்றுக் கட்டின் மேல் இருக்கிறது, தண்ணீர் 30 அடி கீழே. மெசின் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. புட் வால்வை மாற்றினேன். வோஷர் மாற்றினேன். சக்சன் குழாயின் மூட்டுகளைக் கழற்றித் திரும்பப் பசை பூசிப் பூட்டினேன். மெசினில்தான் பிழை என்று சொல்லி என்னுடைய சொந்த மெசினைக் கொண்டுவந்து வைத்தேன், அதுவும் அதே கதை. மூன்று நாள் போய்விட்டது. கடைசியில் அயல்காணி ஐயா ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, மெசினை உள்ளுக்கு இறக்கு" என்றார். 12 அடி கீழே ஒரு தட்டு அடித்து இறக்கினோம். போட்டவுடன் தண்ணீர் வந்தது.

அன்றிரவு அக்காவின் மகளுடைய விஞ்ஞானப் புத்தகத்தில் அமுக்கம் பற்றிய பாடத்தைத் திறந்து பார்த்தேன். மெசின் தண்ணீரை இழுப்பதே இல்லை. அது குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுக்கிறது, வெளியே இருக்கும் வளிமண்டலம் தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. அந்தத் தள்ளலுக்கு ஆகக்கூடியது 10.3 மீற்றர், அதாவது 34 அடி நீர் நிரல். அதுவும் குழாய்க்குள் சுத்த வெற்றிடம் இருந்தால். கசிவு, உராய்வு எல்லாம் கழித்தால் நடைமுறையில் 25 அடிதான். மூன்று நாளும் நான் மல்லுக்கட்டியது வளிமண்டலத்தோடு.

இது நான் ஒருகாலம் படித்த பாடம். ஐயாவுக்கு அனுபவத்தில் தெரிந்தது, எனக்குப் படித்தும் தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் திரும்பத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். இணைந்த கணிதப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி, வகையீட்டில் தொடங்கினேன். இரண்டு கிழமையில் மூடிவிட்டேன். ஒவ்வொரு வரியிலும் "இது எப்படி வந்தது" என்று நிற்க வேண்டியிருக்கிறது. வீட்டில் இருந்தே படித்தவர்கள் யாரும் இருந்தால், எங்கே தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.

ஏ9 பயணி

இனிப் படித்து என்ன பொறியியலாளர் ஆகவா போகிறீர்கள்? அந்த நேரத்துக்கு இன்னும் இரண்டு மெசின் திருத்தினால் பிள்ளையின் ரியூசன் காசாவது வரும். கோபிக்க வேண்டாம், மனதில் பட்டதைச் சொன்னேன்.

வட்டக்கச்சியான்

கோபம் இல்லை அண்ணை. வீட்டிலும் இதையே சொன்னார்கள். ஆனால் அந்த மூன்று நாள் கூலியை நான் தோட்டக்காரரிடம் வாங்கவில்லை. அதையும் கணக்கில் போடுங்கள்.

இரவுப்பணி

ஒன்றை முதலில் கேட்க வேண்டும். நீங்கள் கிணற்றுக்குள் இறக்கியது மண்ணெண்ணெய் மெசினா? அப்படியென்றால் தயவுசெய்து வேண்டாம். புகை கிணற்றுக்குள் தேங்கும், அதில் இருக்கும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. இறங்கினவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுவார். நான் தாதியாக வேலை செய்கிறவள், அதனால்தான் இந்த அவசரம். படிப்பைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

வட்டக்கச்சியான்

இல்லை அக்கா, கரண்ட் மோட்டர். ஆனால் நல்ல நேரத்தில் சொன்னீர்கள். எண்ணெய் மெசினை இறக்கித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கரும்பலகை

தம்பி, முப்பது வருடம் கணிதம் படிப்பித்துவிட்டு இப்போது முள்ளியவளையில் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறேன். ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகளுக்கும் படிப்பித்தேன், போனில் வகுப்புப் பார்க்கிற பிள்ளைகளுக்கும் படிப்பித்தேன். இரண்டு காலத்துப் பிள்ளைகளும் வகையீட்டில் விழுந்ததாக நினைத்துக்கொண்டு வருவார்கள். பார்த்தால் விழுந்த இடம் தரம் 8 ஆக இருக்கும்.

கணிகருவி இல்லாமல் ஒரு ஐந்து நிமிடச் சோதனை செய்து பாருங்கள். முக்காலிலிருந்து ஆறில் ஐந்தைக் கழியுங்கள். 0.3 ஐ 0.3 ஆல் பெருக்குங்கள். (அ + ஆ) என்பதன் வர்க்கத்தை விரித்து எழுதுங்கள். கழித்தலில் சய (−) அடையாளம் விடுபட்டாலோ, பெருக்கலுக்கு 0.9 என்று எழுதியிருந்தாலோ, விரிவில் நடு உறுப்பு காணாமல் போயிருந்தாலோ, இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு தரம் 9 கணிதப் புத்தகத்தை எடுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தரம் 6 முதல் 11 வரை தமிழ்ப் புத்தகங்கள் எல்லாம் இலவசமாக இறக்கலாம். உயர்தரத்துக்குத் தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அவசரம் இல்லை.

காணொளி பார்க்கலாம், ஆனால் பார்ப்பது வேறு, செய்வது வேறு. பார்க்கும்போது எல்லாம் விளங்கும். அது படிப்பிக்கிறவருக்கு விளங்கியிருப்பது. காணொளியை நிறுத்திவிட்டு வெறும் தாளில் அதே கணக்கை முதலிலிருந்து செய்ய முடிந்தால்தான் உங்களுக்கு விளங்கியிருக்கிறது.

இன்னொன்று, ஒரு பிழைக் கொப்பி வைத்திருங்கள். பிழைத்த கணக்கை வெட்டிவிட்டுப் போகாமல், எந்த வரியில் ஏன் பிழைத்தது என்று ஒரு வசனம் எழுதுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் வியாதி என்னவென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

போகிற போக்கில் ஒரு கணக்கு: இரணைமடுக் குளத்தில் 36 அடி தண்ணீர் நின்றால் அடியில் தண்ணீரால் மட்டும் வரும் அமுக்கம் எவ்வளவு? விடையைப் பார்த்துவிட்டு உங்கள் கிணற்றுக் கதையை ஒருமுறை திரும்ப வாசியுங்கள்.

இரவுப்பணி

நான் கலைப்பிரிவில் படித்தவள். சாதாரண தரத்தில் கணிதம் சி. அதோடு கணக்கு முடிந்தது என்றுதான் நிம்மதியாக இருந்தேன். வேலையில் சேலைன் துளி கணக்கிட வேண்டும். 1000 மில்லிலீற்றர், 8 மணித்தியாலம், மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் குழாய்ச் செற் என்றால் நிமிடத்துக்கு 42 துளி. இதைப் பல வருடம் சூத்திரமாக மனப்பாடம் செய்துதான் செய்தேன். ஒருநாள் 60 துளி விழும் செற் கையில் வந்தபோது எதை எதால் பிரிப்பது என்று குழம்பி நின்றேன். பக்கத்தில் நின்ற பயிற்சித் தாதி அலகுகளை எழுதி, மேலே கீழே வெட்டிக் காட்டினாள். மில்லிலீற்றரும் மில்லிலீற்றரும் வெட்டுப்பட்டுப் போக, துளியும் நிமிடமும் மிஞ்சின. சூத்திரமே தேவையில்லை. அன்றைக்குத்தான் பின்னம் என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது என்று சொன்னால் நம்புவீர்களா?

இப்போது தரம் 11 வரை வந்துவிட்டேன். திறந்த பல்கலைக்கழகத்தில் சேரும் எண்ணம் இருக்கிறது, புள்ளிவிபரவியல் இல்லாமல் அங்கே ஒன்றும் நகராது.

நேரம்தான் பெரிய தலையிடி. இரவுப்பணி முடிந்து வந்த நாளில் புத்தகத்தைத் தொடவே மாட்டேன், தொட்டால் பிழைகள் மட்டும்தான் வரும். மற்ற நாட்களில் விடிய நாலரைக்கு எழும்பி அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, அது கொதிக்கும்வரை ஒரு கணக்கு. சிலநாள் தண்ணீர் வற்றிவிடும். வாட்ஸ்அப்பில் ஒன்பது பேர் குழு ஒன்று தொடங்கினோம். மூன்று கிழமையில் அது காலை வணக்கப் படங்கள் போடுகிற குழுவாகிவிட்டது. அதில் ஒரே ஒருத்தியோடு மட்டும் இப்போதும் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பித் திருத்திக்கொள்கிறோம். ஒருத்தி போதும்.

வட்டக்கச்சியான்

கரும்பலகை சேர், சோதனையில் மூன்றில் இரண்டு பிழை. எந்த இரண்டு என்று கேட்காதீர்கள். தரம் 9 புத்தகம் இறக்கிவிட்டேன்.

இரணைமடுக் கணக்கு: 36 அடி என்பது 10.97 மீற்றர். அதைத் தண்ணீரின் அடர்த்தி 1000 ஆலும் புவியீர்ப்பின் 9.8 ஆலும் பெருக்க ஏறத்தாழ 107,500 பஸ்கால் வருகிறது. வளிமண்டல அமுக்கம் 101,300. குளத்தின் அடியில் நமக்கு மேலே இருப்பது போல இன்னொரு வளிமண்டலம் படுத்திருக்கிறது! கிணற்றின் 34 அடியும் இதுவும் ஒரே கணக்குத்தான் என்று பிடித்துக்கொள்ள எனக்குக் கால் மணித்தியாலம் போனது.

ஒரு குழப்பம். தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவரின் காணொளி நன்றாக இருந்தது. ஆனால் அவர் "நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் விசை" என்கிறார். நிறை ஏற்கனவே விசைதானே? அதை ஏன் திரும்பப் பெருக்க வேண்டும்?

தென்காசிக்காரன்

வணக்கம் அண்ணே, தமிழ்நாட்டிலிருந்து எழுதுறேன். எங்க புத்தகத்துல நிறைன்னா ஒரு பொருள்ல எவ்வளவு பருப்பொருள் இருக்குங்கிற அளவு, கிலோகிராம்ல சொல்வோம். பூமி இழுக்கிற விசைக்கு எடைன்னு பேர். உங்க புத்தகத்துல எப்படி?

கரும்பலகை

அங்கேதான் சிக்கல். நீங்கள் நிறை என்பதை நாங்கள் திணிவு என்போம். நீங்கள் எடை என்பதை நாங்கள் நிறை என்போம். ஒரே சொல், இரண்டு கரையிலும் இரண்டு பொருள். வேகமும் அப்படித்தான். எங்களுக்குத் திசை இல்லாவிட்டால் கதி, திசையோடு சொன்னால் வேகம். உங்களுக்குத் திசை இல்லாதது வேகம், திசையோடு திசைவேகம். மற்றவை வெறும் பெயர் மாற்றம்தான், ஆபத்தில்லை: எங்கள் அமுக்கம் உங்கள் அழுத்தம், எங்கள் சக்தி உங்கள் ஆற்றல், எங்கள் வலு உங்கள் திறன், எங்கள் சடத்துவம் உங்கள் நிலைமம். காவி என்றால் உங்களுக்கு உடுப்பின் நிறம், எங்களுக்கு வெக்டர்.

தம்பி, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரலாக இதை எழுதி வையுங்கள். நிறையும் வேகமும் சிவப்பு மையில்.

தென்காசிக்காரன்

அருமை சார். ஒரு இலங்கை வினாத்தாள்ல "ஆர்முடுகல்"னு பார்த்துட்டு ஏதோ இசைக்கருவின்னு நினைச்சேன்.

கரும்பலகை

உங்கள் முடுக்கம்தான். முடுகுதல் என்றால் விரைதல். பிரேக் பிடித்தால் அமர்முடுகல். சொல்லிப் பாருங்கள், பஸ் நிற்பது போலவே இருக்கும்.

வட்டக்கச்சியான்

நாலரை மாதம் கழித்து வருகிறேன். இழையை யாரும் பூட்டாமல் வைத்ததற்கு நன்றி.

தரம் 9 ஆறு கிழமை, தரம் 10 இரண்டு மாதம். 11 இல் வேண்டியதை மட்டும் பார்த்துவிட்டு வகையீட்டுக்கு வந்தேன். நடுவில் காலபோக விதைப்பு நேரம் மூன்று கிழமை ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்தபோது மடக்கை முழுதும் மறந்திருந்தது, முதலிலிருந்து. பிழைக் கொப்பியைப் புரட்டினால் பாதிக்கு மேல் ஒரே வியாதி: அடைப்புக்குறிக்கு முன்னால் சய அடையாளம் நின்றால் முதல் உறுப்புக்கு மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டுவிடுகிறேன். பதினாறு வருடத்துக்கு முன்னாலும் இதையேதான் செய்திருப்பேன் போல. அதை யாரும் அப்போது பிடிக்கவில்லை, பிடிக்கிற காலமாகவும் அது இருக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தொகையீட்டுப் பாடத்தில் தாங்கியிலிருந்து தண்ணீர் வடியும் கணக்கு ஒன்று வந்தது. துளையால் தண்ணீர் பாயும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தோடு போகும் என்பதால், மட்டம் முதலில் விரைவாகவும் பிறகு மெதுவாகவும் இறங்கும். தொகையிட்டுப் பார்த்தால் ஒரு விசித்திரம்: முழு உயரத்திலிருந்து கால்வாசி உயரத்துக்கு இறங்க எவ்வளவு நேரமோ, மிச்சக் கால்வாசி வடிந்து முடியவும் அதே நேரம். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

வீட்டில் ஒரு நீலப் பரல் (பீப்பாய்) இருக்கிறது, உள்விட்டம் 57 சென்ரிமீற்றர். அடியில் பக்கத்தில் 10 மில்லிமீற்றர் துளை போட்டேன் (மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை, வெடிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்). துளையின் நடுவிலிருந்து 80, 20, 5 சென்ரிமீற்றர் உயரங்களில் உள்ளே கரியால் கோடு. அக்காவின் மகள் போனில் நேரம் பார்த்தாள். 80 இலிருந்து 20 க்கு 17 நிமிடம் 50 செக்கன். 20 இலிருந்து 5 க்கு 9 நிமிடம், கிட்டத்தட்டப் பாதி. 5 க்குக் கீழே நூலாகச் சொட்டியதால் அளக்கவில்லை. அவள் "மாமா, புத்தகம் பொய் சொல்லவில்லை" என்று துள்ளினாள். நானும் துள்ளினேன், அதை அவள் மட்டும்தான் பார்த்தாள்.

பிறகு மேசையில் இருந்து நேரத்தையே கணக்கிட்டுப் பார்த்தேன். பரலின் பரப்பு துளையின் பரப்பைப் போல 57 × 57, அதாவது 3249 மடங்கு. 80 சென்ரிமீற்றர் முழுதும் வடிய 3249 × 0.404 = 1313 செக்கன் வரவேண்டும். கால்வாசி உயரத்துக்கு வர அதில் பாதி, 10 நிமிடம் 56 செக்கன். எனக்கு வந்தது 17:50. விகிதம் சரி, நேரம் பிழை. துளையைத் திரும்ப அளந்தேன், 10 தான். அடையாளங்களை நாலு தரம் பார்த்தேன், இந்த முறை சய அடையாளம் இல்லை. எங்கே விட்டேன்?

மூன்றாம் வருசம்

அண்ணா, அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறேன். நீங்கள் ஒன்றும் விடவில்லை. 656 ஐ 1070 ஆல் பிரித்துப் பாருங்கள், 0.61 வரும். கூரிய விளிம்புத் துளைக்குப் புத்தகங்களில் கொடுக்கும் பாய்ச்சல் குணகம், அதாவது கணக்கில் வரும் பாய்ச்சலில் உண்மையில் பாயும் பங்கு, ஏறத்தாழ அதுதான். எங்கள் ஆய்வுகூடத்தில் இரண்டு மணித்தியாலம் செய்து எடுக்கிற இலக்கத்தை நீங்கள் ஒரு பரலில் எடுத்திருக்கிறீர்கள்.

காரணம் இது: தண்ணீர் துளைக்கு நேர் எதிரிலிருந்து மட்டும் வரவில்லை, பக்கங்களிலிருந்தும் விளிம்பை நோக்கி ஓடி வருகிறது. வருகிற வேகத்தில் செங்கோணமாகத் திரும்ப முடியாமல், துளையைத் தாண்டிய பிறகும் உள்ளே நெருங்குகிறது. அதனால் தாரை துளையை விட மெலிந்து போகிறது. நல்ல வெளிச்சத்தில் பக்கத்திலிருந்து பாருங்கள், துளைக்கு வெளியே அரை விட்டத் தூரத்தில் ஒடுங்கி நிற்பது கண்ணுக்கே தெரியும். நீங்கள் கணக்கில் போட்டது துளையின் பரப்பு, உண்மையில் பாய்வது ஒடுங்கிய தாரையின் பரப்பு.

ஏ9 பயணி

நான் முதலில் எழுதியதை இப்போது வாசித்தேன். சரி, பரல் பெரிய விலை இல்லை. அந்த 0.404 எங்கிருந்து வந்தது என்று யாராவது சொல்லுங்கள்.

வட்டக்கச்சியான்

அண்ணை, உயரம் 0.8 மீற்றர். அதன் இருமடங்கு 1.6. அதை 9.8 ஆல் பிரித்து வர்க்கமூலம் எடுத்தால் 0.404. சும்மா 80 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து ஒரு கல்லை விட்டால் நிலத்தில் விழ எடுக்கும் நேரமும் அதே 0.404 செக்கன்தான். அதையும் நேற்றுத்தான் கவனித்தேன்.

தம்பி, தாரை ஒடுங்குவதைப் பார்த்தேன். ரோர்ச் அடித்துப் பார்த்தபோது கண்ணாடிக் கம்பி போல இருந்தது. பிறகு சும்மா இருக்க முடியவில்லை. உள்விட்டம் 10 மில்லிமீற்றர் வரும் பிவிசிக் குழாயில் 3 சென்ரிமீற்றர் வெட்டி, துளைக்கு வெளியே நேராக வைத்து எம்சீல் பூசி ஒட்டினேன். துளை அதே அளவு, நீளம் மட்டும் கூட. உராய்வு கூடும், இன்னும் மெதுவாக வடியும் என்று அக்காவின் மகளோடு ஐம்பது ரூபாய் பந்தயம். 80 இலிருந்து 20 க்கு 13 நிமிடம் 40 செக்கன்.

இரண்டு தரம் செய்தேன், ஐம்பது ரூபாயும் போய்விட்டது. குழாயைக் கூட்டினால் எப்படி விரைவாக வடியும்?